மூன்றாம் கர்ஜனையும் பென்னி லாவாவும்: தற்செயல் பொருத்தம் எப்போது சான்றாகும்?

1973ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று, பிங்க் ஃபிளாய்ட் என்னும் பிரிட்டன் ராக் இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அமெரிக்காவில் வெளியானது. சரியாக 33 நாள் கழித்து, ஏப்ரல் 3 அன்று, மைசூரில் பிரபுதேவா பிறந்தார். நீளிசைத்தட்டு ஒன்று நிமிடத்திற்குச் சுற்றுவதும் ஏறத்தாழ 33 முறைதான். அந்த இசைத்தொகுப்பின் தலைப்பில் நிலவு உண்டு. பிரபுதேவாவின் ஆட்டத்தை இணையத்தின் வழியே மேற்குலகில் பரப்பிய தமிழ்ப் பாட்டிலும் நிலா உண்டு. 1997இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர வானொலி அறிவிப்பாளர் ஒருவர் இந்த இசைத்தொகுப்பைப் பழைய திரைப்படம் ஒன்றோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தை ஊரறியச் செய்தார். அதே 1997இல்தான் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. பிரபுதேவாவின் தந்தையான நடன இயக்குநர் சுந்தரத்தைக் கன்னடத் திரையுலகம் ஊர்ப்பெயர் சேர்த்து மூகூர் சுந்தர் என்றே அறியும். அந்த மூகூர், சாமராஜநகருக்கு வடக்கே டி.நரசிபுரம் வட்டத்தில் இருக்கிறது.

மேலே உள்ள செய்திகளில் எதுவும் பொய்யன்று. ஆயினும் இவற்றைக் கோத்து, 'சாமராஜநகர்ப் பகுதிக்கும் பிங்க் ஃபிளாய்டுக்கும் ஏதோ மறைவான தொடர்பு இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அது வெறும் பிதற்றல். இந்தக் கோவை எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இசைத்தொகுப்பு பிரிட்டனில் அதே மார்ச் மாதத்தின் பிற்பகுதியில்தான் வெளியானது. அந்தத் தேதியை எடுத்திருந்தால் 33 கிடைத்திராது. ஆகவே அமெரிக்கத் தேதி எடுத்துக்கொள்ளப்பட்டது. பிரபுதேவாவின் எத்தனையோ பாடல்களில் நிலா வரும் ஒன்று மட்டும் பொறுக்கப்பட்டது. 1997இல் நிகழ்ந்த ஆயிரம் நிகழ்வுகளில் இரண்டு மட்டும் அருகருகே வைக்கப்பட்டன. பொருந்தாதவை அனைத்தும் சத்தமின்றிக் கைவிடப்பட்டன. செய்திகள் மெய், கைவிட்டவற்றைச் சொல்லாததுதான் பொய்.

ராக் இசையும் செவ்வியல் திரைப்படமும் தற்செயலாக ஒத்திசைவது பற்றிய உலகப் புகழ்பெற்ற கதையும் இதே வழியில் உருவானதுதான். எம்.ஜி.எம். நிறுவனம் 1939இல் வெளியிட்ட 'தி விசர்ட் ஆஃப் ஓஸ்' படத்தின் தொடக்கத்தில் வரும் சிங்கம் மூன்றாம் முறை கர்ஜிக்கும்போது, 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தொகுப்பை ஓடவிட வேண்டும் என்பது பரவலான விதி. படத்தின் ஒலியை அடக்கிவிட வேண்டும். அப்போது கடிகாரங்கள் ஒருசேர அலறும் இடத்தில் கடுகடுத்த பெண்மணி மிதிவண்டியில் வந்து சேர்கிறாள். சொல்லே இல்லாமல் ஒரு பெண்குரல் உயர்ந்து கதறும் பாடலின்போது சூறாவளி வீட்டைத் தூக்குகிறது. கதவைத் திறந்து சிறுமி டோரதி வண்ண உலகிற்குள் நுழையும் தருணத்தில், காசுப்பெட்டியின் ஒலியோடு 'மனி' பாடல் தொடங்குகிறது. மூளையில்லையே என்று வைக்கோல் மனிதன் ஏங்கும் காட்சியில் 'பிரெய்ன் டேமேஜ்' ஒலிக்கிறது. தகர மனிதனின் மார்பில் டோரதி காதை வைக்க, இசைத்தொகுப்பின் இறுதியில் இதயத்துடிப்பு கேட்கிறது. 1995 ஆகஸ்டில் இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் நகரச் செய்தித்தாள் இதைப் பற்றி எழுதியது. வானொலி பரப்பியது. 2000ஆம் ஆண்டு டர்னர் கிளாசிக் மூவீஸ் தொலைக்காட்சி, இந்த இசைத்தொகுப்பை மாற்று ஒலித்தடமாக வைத்தே அந்தப் படத்தை ஒளிபரப்பியது.

செய்தவர்கள் இதை மறுத்தனர். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ், ஒலிப்பதிவுக் கூடத்தில் படத்தை ஓட்டிப் பார்க்கும் வசதியே அன்று இருக்கவில்லை என்றார். மேளக்கலைஞர் நிக் மேசன், தாங்கள் எடுத்துக்கொண்டது 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைத்தான் என்று கேலி பேசி முடித்தார். மறுப்பு எதையும் நிறுத்தவில்லை. மறைப்பவர் மறுக்கத்தானே செய்வார் என்ற வாதம் உடனே எழுந்தது. பொருத்தமும் சான்று, மறுப்பும் சான்று என்று ஆகிவிட்ட பிறகு, அந்தக் கருதுகோளை எதைக் கொண்டும் அசைக்க முடியாது. அசைக்க முடியாமை கருதுகோளின் வலிமையன்று. அது சோதனைக்கு வர மறுக்கிறது என்பதன் அடையாளம்.

பொருத்தங்கள் எத்தனை எதிர்பார்க்கத்தக்கவை என்பதை ஒரு எளிய கணக்கு காட்டும். இசைத்தொகுப்பு ஏறத்தாழ 43 நிமிடம், அதாவது 2,580 நொடி. படத்தில் 20 நொடிக்கு ஒருமுறை கவனத்தை இழுக்கும் ஏதேனும் ஒன்று நிகழ்வதாக வைத்துக்கொள்ளலாம்: கதவு திறத்தல், ஒருவர் விழுதல், புதியவர் தோன்றுதல், காட்சி மாறுதல். இசையிலும் 15 நொடிக்கு ஒருமுறை அப்படி ஏதேனும் நிகழட்டும்: தாளம் மாறுதல், மணியோசை, ஒரு சொல்லின் அழுத்தம். அப்படியானால் இசையில் 172 தருணங்கள். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் பொருத்தம் என்று ஏற்றுக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. யாருடைய திட்டமும் இல்லாமலேயே 17 பொருத்தங்கள் கிடைத்துவிடும். இரண்டு நொடி வரை தளர்த்தினால் 34. இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. ஆயினும் கணக்கின் போக்கு தெளிவானது. படமோ நூறு நிமிடத்திற்கு மேல் ஓடுவது. இசைத்தொகுப்பை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தொடரவிடுவோர் உண்டு. எந்தக் கர்ஜனையில் தொடங்குவது என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. ஒவ்வொரு தளர்வும் அறுவடையைப் பெருக்குகிறது.

இதில் மனித மூளையின் பங்கு பெரிது. கண்ணும் காதும் தனித்தனியே தரும் செய்திகளை ஒரே நிகழ்வாகக் கட்டுவது அதன் அன்றாடத் தொழில். 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை மொழியியல் மாணவர் அனைவரும் அறிந்தது. ஒலிப்புடைய 'பா'வைக் காதுக்கும், 'கா' என்று அசையும் வாயைக் கண்ணுக்கும் கொடுத்தால், பெரும்பாலோர் கேட்பது 'டா'. எவரும் சொல்லாத ஒலியை மூளை தானே சமைத்துத் தருகிறது. ஒலிபரப்புத் துறையின் பன்னாட்டு அளவுகோலின்படி, ஒலி படத்தை 45 மில்லிநொடி முந்தும்போதும், 125 மில்லிநொடி பிந்தும்போதும்தான் பார்ப்பவர் பிசகை உணரத் தொடங்குகிறார். அந்த இடைவெளிக்குள் விழும் எதையும் மூளை ஒன்றாகவே ஏற்கும். திரைப்பட ஒலியை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் மிஷேல் சியோன், ஒரே கணத்தில் தோன்றும் ஓசையும் காட்சியும் காரணமின்றியே ஒட்டிக்கொள்ளும் இந்த இயல்புக்கு 'சின்க்ரெசிஸ்' என்று பெயரிட்டார். அந்த ஒட்டுதல் இல்லையேல் திரைப்படமே இல்லை. தமிழ்த் திரைப்படம் இந்த ஒட்டுதலின் மீதே எழுந்தது: முன்பே பதிவான பாட்டை நாகராவில் ஒலிக்கவிட்டு, வேறொருவர் குரலுக்கு நடிகர் வாயசைக்கிறார், திரையரங்கில் இரண்டும் ஒருவராகின்றன.

திட்டமிட்ட அந்த ஒட்டுதலின் மீது, எவரும் திட்டமிடாத வேறொன்றும் ஒட்டிக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டு வெளியான 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்தில், எஸ்.ஏ.ராஜ்குமார் இசையில் 'கல்லூரி வானில்' என்று தொடங்கும் பாடலுக்குப் பிரபுதேவா ஆடுகிறார். 2007இல் பஃபலாக்ஸ் என்ற புனைபெயர் கொண்ட அமெரிக்க இணையப் பயனர் ஒருவர், அந்தப் பாடல் ஆங்கிலக் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படியே ஆங்கிலச் சொற்களை எழுதித் திரையின் அடியில் ஓடவிட்டார். தமிழின் 'நிலா' அங்கே 'லாவா'வாகியது. காணொளிக்கு 'பென்னி லாவா' என்ற பெயர் நிலைத்தது. பல இலட்சம் பேர் பார்த்துச் சிரித்தனர். மேலைநாட்டு இணையவாசிகள் பலருக்குப் பிரபுதேவாவின் பெயரே பென்னி லாவா என்றாயிற்று. இப்படிச் செய்வதற்கு அந்தப் பயனரின் புனைபெயரே வினைச்சொல்லாகவும் ஆனது.

தவறாகக் கேட்பது புதிதன்று. 1954இல் சில்வியா ரைட் என்ற எழுத்தாளர், சிறுவயதில் ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடலைத் தவறாகக் கேட்டதைப் பற்றி எழுதியதிலிருந்து 'மாண்டெகிரீன்' என்ற சொல் பிறந்தது. ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1992 முதல், அயல்மொழிப் பாடல்களில் ஜப்பானியச் சொற்களைக் கேட்டு மகிழும் 'சொராமிமி' பகுதி ஒன்று நெடுங்காலம் ஒளிபரப்பானது. ஆயினும் பென்னி லாவா மொழியியலுக்குத் தரும் பாடம் தனி. எழுத்தைப் படிக்காமல் கேட்கும்போது ஆங்கிலம் மட்டுமே அறிந்தவருக்கு அது வெறும் ஓசை. அடியில் எழுத்து ஓடத் தொடங்கியதும் அந்த ஆங்கிலச் சொற்கள் 'தெளிவாக' ஒலிக்கின்றன. பிறகு எவ்வளவு முயன்றாலும் வேறாகக் கேட்க இயலாது. சூறாவளியையும் பெண்குரலையும் பற்றி முன்பே சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டுவதும் இதே செயல்தான். எதைத் தேட வேண்டும் என்று அறிந்தவர் அதைக் கண்டடைகிறார். 'லாவா' என்று கேட்கப்பட்ட அந்தக் கணத்தில் 'நிலா' கேட்கப்படவில்லை என்பது சிரிப்பில் மறைந்துபோகிறது. ஒரு மொழி, அதன் இலக்கணம், அதை எழுதிய கவிஞர், அதன் பொருள் எல்லாம் வேறொரு மொழியின் உளறலாகச் சுருங்கிவிட்டன.

மெய்யான உறவு எப்படி இருக்கும் என்பதை அறியச் சாமராஜநகருக்குத் திரும்ப வேண்டும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி, ஆசனூர் கடந்தால் அடுத்து இந்த ஊர். எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டின் தாளவாடியில் கன்னடம் ஒலிக்கிறது. அப்பால், சாமராஜநகர் மாவட்டத்தில் தமிழ் பேசுவோர் உண்டு. ஒரே தெருவில் இரு மொழியும் கேட்கும் காதுக்கு ஒரு செய்தி விரைவில் பிடிபடும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பாம்பு, ஹாவு. பெண், ஹெண்ணு. ஊர்ப்பெயரின் பள்ளி, இங்கே ஹள்ளி. தமிழில் சொல்முதலில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம். பத்தாம் நூற்றாண்டில் பம்பன் எழுதிய பழங்கன்னடத்தில் இவை பகரமாகவே இருந்தன. பின்வந்த நூற்றாண்டுகளில்தான் ஹகரமாகத் திரிந்தன. வடமொழியிலிருந்து வந்த 'பூஜெ', 'புஸ்தக' போன்றவற்றில் பகரம் மாறாமல் இருக்கிறது. அந்த விலக்குக்கும் காரணம் சொல்ல முடிகிறது.

இந்த உறவு காதுக்கு இனிமையாகப் பொருந்துவதில்லை. கன்னடத் திரையுலகில் 1960களிலிருந்து பிறமொழிப் படங்களை டப்பிங் செய்வதற்கு எதிர்ப்பு நிலவியது. தமிழ்ப் படங்கள் கர்நாடகத்தில் தமிழாகவே ஓடின. 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் டப்பிங்கைத் தடுப்பது போட்டிச் சட்டத்திற்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. 2017இல் அஜித் நடித்த 'என்னை அறிந்தால்', 'சத்யதேவ் ஐபிஎஸ்' என்ற பெயரில் கன்னடம் பேசி வந்தது. அத்தகைய படத்திற்கு உரையாடல் எழுதுபவரின் இடத்தில் ஒருவர் தன்னை வைத்துப் பார்க்கலாம். அண்மைக் காட்சியில் நடிகர் 'புலி' என்கிறார். உதடுகள் மூடித் திறக்கின்றன. கன்னடக் குரல் 'ஹுலி' என்கிறது; அந்தச் சொல்லுக்கு உதடு மூட வேண்டியதில்லை. திரையில் அது பிசகு. மூடிய உதட்டுக்குப் பொருந்த, உறவே இல்லாத வேறொரு சொல்லைத் தேடி வைக்க நேரலாம். எந்த இடத்தில் உதடு பொருந்தவில்லையோ அந்த இடத்தில்தான் இரு மொழிகளின் ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட உறவு துல்லியமாகப் பொருந்துகிறது. பென்னி லாவாவில் உதடு பொருந்துகிறது, உறவு இல்லை. புலி–ஹுலியில் உறவு இருக்கிறது, உதடு பொருந்தவில்லை.

பிங்க் ஃபிளாய்டின் வரலாற்றிலும் இதே நிலைதான். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தொகுப்புக்கு ஒரு திரைப்படத்தோடு மெய்யான தொடர்பு உண்டு. அது 'ஓஸ்' படத்தோடு அன்று. 'அஸ் அண்ட் தெம்' பாடலின் இசை, இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'ஸப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக ரிச்சர்ட் ரைட் அமைத்தது. இயக்குநர் அதை ஏற்கவில்லை. 1970இல் படம் அந்த இசை இல்லாமலே வெளிவந்தது. இசை பின்னர் இந்தத் தொகுப்பில் சேர்ந்தது. எந்தச் சிங்கம் எத்தனை முறை கர்ஜித்தாலும் இந்தச் செய்தி திரையில் தெரியாது. ஒலிப்பதிவுகளும் பங்கேற்றவர் கூற்றுகளுமே அதைச் சொல்லும். கண்ணைப் பறிக்கும் பொருத்தம் ஒரு பக்கம், கண்ணுக்கே தெரியாத உறவு மறுபக்கம்.

இரண்டையும் பிரித்தறிய ஆய்வுலகம் கருவிகளை உருவாக்கியிருக்கிறது. ராபர்ட் ஆஸ்வால்ட் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970இல் முன்வைத்த நகர்த்தல் சோதனை அவற்றுள் எளியது. இரு மொழிகளின் அடிப்படைச் சொற்களை ஒரே வரிசையில் எழுதிப் பொருத்தங்களை எண்ண வேண்டும். பிறகு ஒரு பட்டியலை ஓரிடம் கீழே நகர்த்த வேண்டும். இப்போது ஒரு மொழியின் 'கண்', மற்றதன் 'காது'க்கு நேராக நிற்கும். மீண்டும் எண்ண வேண்டும். இப்படி நகர்த்தி நகர்த்தி எண்ணினால், எவ்வுறவும் இல்லாமலே கிடைக்கும் பொருத்தங்களின் அளவு தெரிந்துவிடும். முதல் எண்ணிக்கை அதைத் தெளிவாக மிஞ்சினால்தான் பேச்சைத் தொடரலாம். சிங்கத்தின் மூன்றாம் கர்ஜனைக்குப் பதில் 30 நொடி கழித்து இசைத்தட்டைத் தொடங்குவதும் இதே சோதனைதான். முப்பது நொடி நகர்த்திய பின்னும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் 'வியப்புகள்' கிடைத்தால், மூன்றாம் கர்ஜனைக்கு எந்தத் தனிச்சிறப்பும் இல்லை. வகுப்பறையில் மாணவரை இரு குழுவாகப் பிரித்து, எது 'சரியான' தொடக்கம் என்று சொல்லாமல் எண்ணச் செய்தால், ஆய்வுமுறைப் பாடம் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும்.

எண்ணிக்கையோடு முறைமையும் வேண்டும். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்குச் சொல் 'டாக்'. ஆங்கிலத்திலும் அதுவே. ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் அம்மொழியை ஆராய்ந்து, அண்டை மொழிகளில் 'குடக' என வழங்கும் சொல்லே ம்பபரத்தின் சொந்த ஒலித்திரிபுகளால் இந்த வடிவை அடைந்தது என்று காட்டினார். வடிவும் பொருளும் முழுமையாக ஒத்தும் உறவு இல்லை. ஆங்கிலத்தோடு ஒப்பிட இந்த ஒரு சொல்லைத் தவிர வேறு வரிசை கிடையாது. 'புலி'யும் 'ஹுலி'யுமோ அவ்வளவு ஒத்தவை அல்ல. ஆயினும் அந்த ஒரு விதியைக் கற்றவர் இதுவரை கேட்டறியாத சொல்லையும் முன்கூட்டிச் சொல்ல முடியும். 'புழு' கன்னடத்தில் 'ஹுளு'வாக இருக்க வேண்டும் என்று கணித்துவிட்டு அகராதியைத் திறந்தால், அது அங்கே இருக்கும். கணிப்புக்கு இடம் தரும் ஒற்றுமையே சான்று.

இத்தனையும் தமிழாய்வின் வாசலில் வந்து நிற்கின்றன. கொரிய நாடகங்களில் 'அப்பா', 'அம்மா' போன்ற சொற்கள் ஒலிக்கும்போது தமிழர் மகிழ்வது இயல்பு. ஆனால் குழந்தை முதலில் எழுப்பும் உதட்டொலிகளிலிருந்து பெற்றோர்ப் பெயர்கள் உலக மொழிகள் பலவற்றில் தனித்தனியே உருவாவதை ரோமன் யாக்கப்சன் 1960இல் விளக்கிவிட்டார். கொரியத்தையும் திராவிடத்தையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே நூல் எழுதினார். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு காட்டப் பல்லாண்டு உழைத்தார். அவ்வுழைப்பை மதிக்கலாம், ஒப்பியல் மொழியியலாளர் பெரும்பான்மையினர் அம்முடிவுகளை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்று சமூக ஊடகங்களில் சுற்றும் சொற்பட்டியல்களோ அவர்களது உழைப்பில் நூறில் ஒரு பங்கும் இல்லாதவை. நாற்பது சொல் ஒத்தால் நாற்பதும் அச்சேறுகின்றன. ஒவ்வாத நாலாயிரம் எங்கும் பதிவாவதில்லை. மெய்ப்பொத்தல், உயிர்மாற்றம், பொருள்நீட்சி என எல்லாத் தளர்வுகளும் ஒருங்கே அனுமதிக்கப்படுகின்றன. சில வேளை அவை கருத்தரங்கக் கட்டுரைகளாகவும் ஆய்வேடுகளின் இயல்களாகவும் உருவெடுக்கின்றன.

இதில் கசப்பான முரண் ஒன்று உண்டு. பென்னி லாவாவைப் பார்த்து, தமிழை உளறலாக்கிவிட்டார்களே என்று வருந்தியவர் பலர். அவ்வருத்தம் நியாயமானது. ஆனால் கொரியச் சொல்லைக் கேட்டவுடன் அதன் வரலாற்றையோ இலக்கணத்தையோ கேளாமல் அதில் தமிழை மட்டும் கேட்பவர், அந்த அமெரிக்க இளைஞர் தமிழுக்குச் செய்ததையே கொரியத்துக்குச் செய்கிறார். முன்னவர் நகைச்சுவை என்று சொல்லிச் செய்தார். பின்னவர் ஆய்வு என்று சொல்லிச் செய்கிறார். இரு இடத்திலும் எதிரில் இருக்கும் மொழி கேட்கப்படவில்லை. கேட்பவருடைய மொழி மட்டுமே எதிரொலிக்கிறது. உலக மொழிகளில் எல்லாம் தன் முகத்தைக் காண்பது பெருமைபோலத் தோன்றும். அது காதை மூடிக்கொள்வது.

இழப்பு பிற மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. எல்லிஸ் 1816இல் தொடங்கி, கால்டுவெல் 1856இல் விரித்து, பர்ரோவும் எமனோவும் 1961இல் சொற்பிறப்பு அகராதியாகத் தொகுத்த திராவிட ஒப்பியல், மனித மொழி ஆய்வின் உறுதியான கட்டடங்களுள் ஒன்று. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலத்துக்குள் சென்றதற்கு வணிகம், ஆட்சி, ஆவணம் என்று வழித்தடம் உண்டு. இவற்றையும் தற்செயல் பட்டியல்களையும் ஒரே தட்டில் வைத்தால், அயலார் இரண்டையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவர். பொய்ச்சான்று பெருகும் இடத்தில் மெய்ச்சான்றின் மதிப்பும் குறைகிறது.

கலை நோக்கில் ஒரு மறுப்பு எழலாம். படைத்தவர் நோக்கம் எதற்கு? பார்ப்பவர் அடையும் பொருளே பொருள் அன்றோ? அதில் உண்மை உண்டு. இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையையும் ஆட்டத்தையும் ஒன்றையொன்று அறியாமலே அமைத்து, மேடையில் மட்டும் சந்திக்கவிட்டனர். அங்கே தற்செயல் ஒரு கலைக் கொள்கை. டோரதி கதவைத் திறக்கும் கணத்தில் காசுப்பெட்டி ஒலிக்கும்போது எழும் சிலிர்ப்பும் மெய்யானதே. அந்தச் சிலிர்ப்பைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. அனுபவம் தன்னளவில் சான்று கேட்பதில்லை. 'ஆகவே இவர்கள் திட்டமிட்டார்கள்', 'ஆகவே இம்மொழி அம்மொழியின் தாய்' என்று அந்த 'ஆகவே' நுழையும் இடத்தில்தான் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒற்றுமை ஒன்றைக் கண்டு வியக்கும் ஆய்வு மாணவர் மூன்று கேள்விகளைத் தன்னிடம் கேட்டுக்கொள்வது போதும். பொருந்தாதவை எத்தனை? தொடக்கப் புள்ளியை நகர்த்தினாலும் இதே எண்ணிக்கை வருகிறதா? இதுவரை காணாத ஒன்றை இந்த விதி முன்கூட்டிச் சொல்கிறதா? இம்மூன்றுக்கும் விடை சொல்ல முடிந்தால் அது ஆய்வு. முடியாவிட்டால் அது நல்லதொரு மாலைப்பொழுது. அதற்கும் வாழ்வில் இடமுண்டு, ஆய்வேட்டில் இல்லை.

சாமராஜநகரின் கடைத்தெருவில் ஒருவர் 'பால்' என்று கேட்க, மற்றவர் 'ஹாலு' என்று எடுத்துக் கொடுக்கிறார். ஒலி பொருந்தவில்லை, எவரும் வியப்பதும் இல்லை. ஆயினும் நூற்றாண்டுகளின் உறவு அங்கே ஒரு நொடியில் நிறைவேறுகிறது. மூன்றாம் கர்ஜனைக்குக் காத்திருக்கும் காது, சற்று நேரம் அந்தக் கடை வாசலிலும் நின்று கேட்கலாம்.